உழாமல் விட்ட க்ளோவர்

லாக்லன் எழுந்தான். அடுப்பில் இரண்டு கட்டைகளைத் திணித்தான். கெட்டிலைப் போட்டான். ஓட்ஸ் கஞ்சி அடிப்பிடித்தது. அப்படியே தின்றான். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தான். உறைபெட்டியைத் திறந்து, கைக்கு வந்த பாத்திரம் ஒன்றை எடுத்து, ராத்திரிக்குள் உருகட்டும் என்று தொட்டியருகே வைத்தான். கொத்திய ஆட்டுக்கறியின் மேல் மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பிச் சுட்டது. பாத்திரத்தின் அடியில் பிளாஸ்திரி ஒட்டி, யார் வீட்டுடையது என்று பேனாவால் எழுதியிருந்தது. சாவு வீடு என்று ஊர் கொண்டுவந்து நிறைத்த சாப்பாடு. ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் தீரவில்லை.

வெளியே வந்து பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டினான். மாட்டினான். நாய்களை அவிழ்த்துவிட்டான். வாக்கிடாக்கியை மார்புப் பைக்குள் செருகினான். இரவு மழை பெய்திருந்தது. புல் சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது. அன்றைக்கு மாடுகளை எடை போடும் நாள்.

பட்டியில் ராஸ் முன்னதாகவே வந்து, எடைக்கூண்டின் கதவுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மாமனார். பண்ணை அவருடையது. வைராரப்பா மலைச்சரிவில் மூன்று தலைமுறையாக ஆடும் மாடும் ரைப் புல்லும் அன்றி வேறெதையும் நம்பாத குடும்பம்.

“தூங்கினியா?” என்றார்.

“தூங்கினேன்.”

“பொய்.”

“நீங்க?”

“நானும் பொய்தான் சொல்வேன். கேட்டைத் தொற.”

எடை போட வேண்டிய மாடுகள் முந்தைய மாலையே பட்டியில் அடைக்கப்பட்டிருந்தன. வயிற்றில் தீனி இருந்தால் தராசு ஏமாறும். ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டுக் காலையில் ஏற்றினால்தான் சதை எவ்வளவு என்று தெரியும். இது ரோவீனா வகுத்த முறை. இந்த மாடுகள் மேயும் ஐந்து வயல்களும் அவள் வேலைதான்.

ரோவீனா ராஸின் ஒரே மகள், லாக்லனின் மனைவி. வசந்தம் வந்தால் ரைப் புல்லை விட்டால் மாட்டுக்கு வேறு கதியே இல்லையா என்று கேட்டுக்கொண்டே வளர்ந்தவள். வேளாண் கல்லூரியில் லாக்லனோடு படித்தாள். அவனைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியதும், மண் ஒரேமாதிரி இருக்கும் இடமாகப் பார்த்து ஐந்து வயல்களை வரிசையாகப் பிரித்து வேலி போட்டாள். ஒன்றில் அப்பாவின் ரைப் புல். அடுத்ததில் சிக்கரி, காப்பித்தூளில் கலக்கிறார்களே, அதே செடி. மூன்றாவதில் பிளான்டைன். பெயரைக் கேட்டு வாழை என்று நினைக்க வேண்டாம், தரையோடு ஒட்டி வளரும் அகல இலைச் செடி அது. நான்காவதில் குதிரைமசால். கடைசி வயலில் சிவப்பு க்ளோவர், காம்புக்கு மூன்று இலை விடும் தீவனச் செடி. ஒரே வயசுக் கறுப்பு ஆங்கஸ் இன இளங்காளைகளை, காயடித்தவற்றை, வயலுக்கு ஒரு கூட்டமாக விட்டாள். வசந்தம் முடியட்டும், எது சதை போடுகிறது என்று தராசு சொல்லட்டும், ஜெயித்ததை ஆற்றங்கரை நிலம் முழுக்க விதைப்போம் என்றாள்.

மற்றதையெல்லாம் ராஸ் பொறுத்துக்கொண்டார். சிவப்பு க்ளோவர் மட்டும் அவருக்கு ஆகாது. பையனாக இருந்தபோது, ஒரே காலையில் தன் அப்பாவின் மாடுகள் க்ளோவரை மேய்ந்து வயிறு ஊதிச் செத்ததைக் கண்ணால் கண்டவர். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் அப்பனுக்கும் மகளுக்கும் இதே சண்டைதான்.

“அது தீனியில்லை, வெடிமருந்து” என்பார் அவர்.

“மேய்க்கத் தெரியாம மேய்ச்சா செடி என்னப்பா பண்ணும்?” என்பாள் அவள்.

உருளைக்கிழங்கு ஆறிப்போகும். ஊர் முழுக்க இந்தச் சண்டை தெரியும். மதுக்கடையில் இரண்டு கட்சி இருந்தது.

போன வசந்தத்தின் கடைசியில், எடை போட்டு முடித்த நாளில், ராஸுக்குக் கணக்கைச் சொல்லுமுன், ஓடைக்கு மேலே இருக்கும் சரிவில் அவளுடைய நாலு சக்கர பைக் உருண்டது. அவள் அதன் அடியில் இருந்தாள்.

அதற்குப் பிறகு அந்த வயல்களைப் பற்றி இரண்டு ஆண்களும் பேசிக்கொள்ளவில்லை. எதைப் பற்றித்தான் பேசினார்கள்? இலையுதிர்காலத்தில் ஒரு நாள் ராஸ் டிராக்டரில் கலப்பையை மாட்டிக்கொண்டு க்ளோவர் வயலின் கேட் வரைக்கும் போனார். இறங்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு திரும்பி வந்து கலப்பையைக் கழற்றிவிட்டார். லாக்லன் தூரத்திலிருந்து பார்த்தான். மனசு வரவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டான். கிழவரே வைத்திருக்கிறார், நாம் ஏன் கெடுக்க வேண்டும் என்று அவனும் வேலியைச் செப்பம் செய்து, புது வசந்தத்துக்குப் புதுக் காளைகளைப் பிரித்து விட்டான். அவன் வைத்திருப்பது போல் இருந்ததால் அவர் வைத்திருந்தாரோ என்னவோ.

காளைகள் ஒவ்வொன்றாக எடைக்கூண்டில் ஏறி இறங்கின. ராஸ் எண்ணைப் படித்தார். லாக்லன் கதவை இழுத்து மூடினான்.

“க்ளோவர்தான் முன்னால நிக்குது” என்றார் ராஸ், கடைசி மாடு இறங்கியதும்.

“பிளான்டைன்?”

“முதுகோட ஒட்டிக்கிட்டே வருது. சிக்கரி தண்டு விட ஆரம்பிச்சிடுச்சு, மாடு நுனியைக் கடிச்சிட்டு மூஞ்சியைத் திருப்புது. குதிரைமசாலுக்கு இந்த ஈரம் ஒத்துக்கலை. ரைப் புல்லு ரைப் புல்லுதான்.”

“அப்போ?”

“அப்போ என்ன? ஆத்தங்கரை பூரா சிவப்பு க்ளோவர். கன்னு போட்ட பசுவையெல்லாம் அதுல விடறோம். விதைக்குச் சொல்லியாச்சு. வெள்ளிக்கிழமை வருது.”

லாக்லன் கதவின் கைப்பிடியை விட்டான். “நீங்களா சொன்னீங்க?”

“நான்தான். ஏன், நான் கேட்டா கடைக்காரன் தரமாட்டானா?”

“அதை வெடிமருந்துன்னு...”

“சொன்னேன். நிறையச் சொன்னேன். மாட்டைக் கெளப்பு.”

அவ்வளவுதான். ராஸ் பைக்கில் ஏறி, ஆட்டுக்குட்டிகளுக்கு வால் நறுக்கப் பின்மலைப் பக்கம் போனார். தராசில் க்ளோவர் ஜெயித்துவிட்டது, ரோவீனா ஜெயித்துவிட்டாள். லாக்லனுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அவன் காத்துப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை.

எடை நாளன்று ரோவீனாவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பட்டினி கிடந்த மாட்டை நேரே க்ளோவரில் விடமாட்டாள். முதலில் காய்ந்த புல் போடுவாள், வயிறு நிறையட்டும் என்று. இலையில் ஈரம் உலரட்டும் என்று மத்தியானத்துக்கு மேல்தான் கேட்டைத் தொடுவாள். இது லாக்லனுக்கும் தெரியும். பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியவன் அவன். ஆனால் அன்றைக்கு அவன் கை கேட்டைத் திறந்தது. ஐந்தையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தது. காலையில் கஞ்சி கிண்டிய அதே கை, அதே மாதிரி. மாடுகள் முட்டிமோதி ஓடின. க்ளோவர்க் கூட்டம் முழங்கால் உயர ஈரத்தில் தலை நிமிராமல் மேய்ந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மேல்வயலில் தண்ணீர்த் தொட்டியின் மிதவை கெட்டிருந்தது. அதைச் சரிசெய்யப் போனான். துருப்பிடித்த திருகு இலேசில் கழலவில்லை. வேலையை முடித்து இறங்கி வரும்போது நாய் நின்றுவிட்டது.

முதலில் அவன் கண்ணில் பட்டது ஒரு கறுப்புப் பீப்பாய். யார் இதை இங்கே போட்டார்கள் என்று நினைத்தான். மெய்யாகவே அப்படித்தான் நினைத்தான். கிட்டப் போனபோது பீப்பாய்க்குக் கால்கள் இருந்தன. நாலும் விறைத்துப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தன. கண் திறந்திருந்தது. வாயோரத்தில் க்ளோவர் இலை.

மற்றவை நின்றன. நின்றன என்று சொல்ல முடியாது, கால்களை அகட்டி விழாமல் இருந்தன. இடது விலாவுக்குப் பின்னால் வயிறு உப்பி முதுகெலும்புக்கு மேலே எழும்பியிருந்தது. நாக்கு வெளியே. அவன் கண் முன்னாலேயே இன்னொன்று முன்னங்கால் மடிந்து சாய்ந்தது. சத்தம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. மாடு கத்தினால் மனிதன் ஓடுவான். அந்த வயலில் மூச்சுக்குத் தவிக்கும் ஓசையைத் தவிர ஒன்றுமே கேட்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பிளான்டைன் கூட்டம் அசைபோட்டுக்கொண்டு இவனைப் பார்த்தது.

அவனுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. கடைசியில் ஒரு கை மட்டும் தானாக மார்புப் பைக்குப் போய்ப் பொத்தானை அழுத்தியது.

“ரோவீனா, க்ளோவர்க் கூட்டம் ஊதிடுச்சு. எண்ணெயை எடுத்துட்டு வா. சீக்கிரம்.”

பொத்தானை விட்டான்.

பள்ளத்தாக்கு முழுக்க ஒரே அலைவரிசை. எல்லாப் பண்ணைகளிலும், வால் நறுக்கும் இடத்திலும், சமையலறை ஜன்னலோரத்திலும், டிராக்டர்களிலும் அந்தக் குரல் கேட்டிருக்கும். யாரும் பேசவில்லை. ஒரு கரகரப்புகூட இல்லை. தான் சொன்னது என்னவென்று லாக்லனுக்கு அப்போதும் உறைக்கவில்லை. ஏன் பதில் சொல்லாமல் இருக்கிறாள் என்று எரிச்சல் வந்தது.

பிறகு வாக்கிடாக்கியில் ஒரு பெண் குரல்.

“வர்றேன்.”

அந்தக் கணம் எல்லாம் சரியாகிவிட்டது. வருகிறாள். எண்ணெய் கொண்டு வருகிறாள். அன்றைய நாளில் அதைவிடக் கொடுமையான கணம் வேறில்லை, ஏனென்றால் அடுத்த கணமே குரலை அடையாளம் கண்டுகொண்டான். வைமாரி. பக்கத்துப் பண்ணையில் மேய்ச்சலுக்குத் தலைமை பார்ப்பவள். ரோவீனாவோடு பள்ளிக்கூடப் பேருந்தில் ஒரே இருக்கையில் போனவள்.

அவன் கத்தியை எடுத்தான்.

விழுந்து கிடந்ததன் இடது பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே குத்தினான். குழி விழுந்திருக்க வேண்டிய இடம் மேடாக, முரசுத் தோல்போல விறைத்திருந்தது. காற்று வரவில்லை. பச்சை நுரை வந்தது. வந்து, துளையிலேயே அடைத்துக்கொண்டது. க்ளோவர் உப்புசம் இப்படித்தான், வயிற்றுக்குள் இருப்பது காற்றல்ல, நுரை. எண்ணெய் ஊற்றினால்தான் உடையும். கத்தியைக் கீழே இழுத்துத் துளையைப் பெரிதாக்கி விரல்களை உள்ளே விட்டு அகட்டிப் பிடித்தான். முழங்கை வரை சூடாக வழிந்தது. மாடு ஒரு மூச்சு இழுத்தது. இன்னொன்று இழுத்தது.

வைமாரியின் பிக்கப் வேலியை ஒட்டி வந்து நின்றது. எண்ணெய்க் கேனும் மருந்து புகட்டும் குழாயுமாகக் குதித்து வந்தாள். வாக்கிடாக்கியில் கேட்டதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“எதுல ஊத்தணும்?”

“இந்த ஓட்டையில. அப்புறம் நிக்கறதுக்கெல்லாம் வாயில.”

“ஓட்டையிலயா? சாமி, நான் இதைப் படத்துலதான் பார்த்திருக்கேன்.” எண்ணெய் பாதி அவன் பூட்ஸில் கொட்டியது. “பட்டதாரி, கொஞ்சம் ஆடாம இருடா.”

“நான் ஆடலை. நீதான் ஆடறே.”

“ரெண்டு பேரும் ஆடறோம். ஊத்தறேன், பிடி.”

ராஸ் வந்தார். பைக்கை அணைக்காமலே இறங்கினார். நின்றுகொண்டிருந்த முதல் மாட்டின் மூக்கை விரல்களால் இறுக்கிப் பிடித்துத் தலையைத் தூக்கினார். வைமாரி புகட்டினாள். அடுத்தது. அடுத்தது. புகட்டியதை ராஸ் தட்டித் தட்டி நடக்க விட்டார், நடந்தால் ஏப்பம் வரும் என்று. ஒன்று ஏப்பம் விட்டது. அந்த நாற்றம் மூன்று பேர் முகத்திலும் அடித்தது. யாரும் முகத்தைத் திருப்பவில்லை.

வெயில் ஏறி க்ளோவர் உலர்ந்தபோது எல்லாம் அடங்கியிருந்தது. மூன்று செத்திருந்தன. லாக்லன் கத்தி வைத்தது பிழைத்துவிட்டது. பக்கவாட்டில் பச்சை வழிய, ஒன்றும் நடக்காதது போல், மறுபடியும் க்ளோவரை நோக்கி நடந்தது. வைமாரி ஓடிப்போய் அதை ரைப் புல் வயலுக்குள் விரட்டினாள்.

“வெக்கமே இல்லை பாரு” என்றாள் மூச்சு வாங்க. “இதுக்கா உயிரைக் குடுத்தோம்?”

பிக்கப்பின் நிழலில் மூவரும் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். வைமாரி பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினாள். இரண்டு கோப்பைதான் இருந்தது. தன்னுடையதை மூடியில் ஊற்றிக்கொண்டாள்.

“உன்மேல அடிக்கிற நாத்தத்துக்கு நாய்கூட ஒரு வாரம் கிட்ட வராது.”

“அவன் எப்பவுமே இப்படித்தான் நாறுவான்” என்றார் ராஸ்.

“நீ மட்டும் மல்லிகையா, பெரிசு?”

லாக்லன் கோப்பையைப் பிடித்திருந்தான். கையில் நுரை காய்ந்து தோலை இழுத்தது. “நான்தான் பட்டினி மாட்டை விட்டேன்” என்றான். “ஈரத்துல. காய்ஞ்ச புல் போடலை.”

“தெரியும்.”

“திட்டுங்க.”

“திட்டினா அது மூணும் எழுந்திருக்குமா?” ராஸ் டீயை ஊதினார். “எங்கப்பாவும் இப்படித்தான் விட்டாரு. அவரும் உன்னை மாதிரிதான் உட்கார்ந்திருந்தாரு. அன்னைக்கு எனக்கு யாரும் டீ குடுக்கலை.”

வைமாரி வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

“ஏன் பெரிசு, உனக்குத்தான் இந்தச் செடி ஆகவே ஆகாதே. போன வருஷமே உழுது போட்டிருக்கலாமில்ல? பிளான்டைன் கூட்டத்தைப் பாரு, ஏதோ சர்ச்சுக்கு வந்த மாதிரி அமைதியா நிக்குது.”

“இன்னைக்கே உழுதுடலாம்” என்றான் லாக்லன். சொன்ன பிறகுதான், தான் அதைச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. அவள் விதைத்தது. அவள் கையால் வைத்ததில் இந்த ஐந்து வயல்கள்தான் இன்னும் உயிரோடு இருந்தன. ஆனால் வெள்ளிக்கிழமை விதை வரும். ஆற்றங்கரை முழுக்க இதுவே முளைக்கும். பால் குடிக்கும் கன்றோடு பசுக்கள் அதில் நிற்கும். இன்று பார்த்த பீப்பாய்களை அவன் கரை நெடுகப் பார்த்தான். “நானே கலப்பையை மாட்டறேன். விதை வேண்டாம்னு சொல்லிடுங்க ராஸ்.”

“முடியாது.”

“தராசுல முன்னால நிக்குதுன்னா? மூணு செத்ததைக் கழிச்சுப் பாருங்க, எங்கே நிக்குதுன்னு.”

“தராசு கெடக்கு. முடியாதுன்னா முடியாது.”

“ஏன்?”

ராஸ் கோப்பையைப் புல்லில் வைத்தார். அது சாய்ந்தது. எடுத்து மறுபடி வைத்தார்.

“அவ வேண்டாம்னா.”

“யாரு?”

“யாருன்னா கேக்கறே?”

வைமாரி டீயைக் குடிக்காமல் மூடியைக் கையில் பிடித்தபடி இருந்தாள்.

“அன்னைக்கு நான் கொட்டகையில ஆட்டுக்கு மருந்து குடுத்திட்டிருந்தேன்” என்றார் ராஸ். “வாக்கிடாக்கி ஆணியில தொங்குச்சு. அவ குரல். ‘அப்பா’ன்னா. அந்த ஓடைப் பள்ளத்துலேர்ந்து பேசினா எப்பவும் பாதிதானே வரும். கரகரன்னுச்சு. ‘அந்தக் க்ளோவரை உழு’ன்னு ஒரு துண்டு. அப்புறம் வெறும் இரைச்சல். கடைசியில ‘யாதீங்க’ன்னு வால் மட்டும் வந்துச்சு. கேக்கலை, திருப்பிச் சொல்லுன்னேன். பதில் இல்லை. சரி, டீக்கு வரும்போது சொல்லுவான்னு விட்டுட்டு அடுத்த ஆட்டைப் பிடிச்சேன்.”

அவர் கொஞ்ச நேரம் வேலியைப் பார்த்தார்.

“உழாதீங்க அப்பான்னு சொல்லியிருக்கா. வேற என்ன சொல்லியிருப்பா? ரெண்டு வருஷமா அதுக்குத்தானே என்னோட மல்லுக்கு நின்னா. அந்தப் பொண்ணு என்கிட்ட எதையுமே கேட்டதில்லை, தெரியுமா? சண்டை போடுவா, கேக்க மாட்டா. ஸ்கூல் போற வயசுலயே அப்படித்தான். ஒரே ஒரு தடவை கேட்டா. அதுதான் கடைசி. நான் கலப்பையை மாட்டிக்கிட்டு அந்தக் கேட் வரைக்கும் போனேன். அந்தக் குரல் காதுல விழுந்துச்சு. திரும்பிட்டேன். உழ மாட்டேன். ஆத்தங்கரை பூரா விதைப்பேன். மாடு செத்தா சாகட்டும். இந்த வயசுல க்ளோவர்ல மேய்க்கக் கத்துக்கறேன்.”

லாக்லனின் காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டது. ராஸின் வாய் இன்னும் அசைந்தது. ஏதோ பசுக்களைப் பற்றி, எண்ணெயைத் தண்ணீர்த் தொட்டியில் கலப்பதைப் பற்றி. ஒன்றும் கேட்கவில்லை.

அவன் அங்கே இருந்தான். அந்தப் பேச்சு நடந்தபோது, ஓடைப் பக்கத்துக் கேட்டைப் பிடித்துக்கொண்டு, அவளிடமிருந்து ஒரு கை தூரத்தில் நின்றிருந்தான். பைக் உறுமிக்கொண்டிருந்தது. ஒரு காலைப் படியில் வைத்தபடி வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனாள். முகம் முழுக்கச் சிரிப்பு. எஞ்சின் சத்தத்தை மீறிக் கத்திப் பேசிக்கொண்டே வண்டியை நகர்த்தினாள், பேச்சு முடிவதற்குள் பள்ளத்தில் இறங்கத் தொடங்கிவிட்டாள். லாக்லனிடம் எதுவும் சொல்லவில்லை. திரும்பாமலே ஒரு கையைத் தூக்கிக் காட்டினாள். அவன் கேட்டைச் சாத்தினான்.

அவளுடைய கடைசிப் பேச்சு தனக்கில்லை, அப்பாவுக்குத்தான் என்பதை அவன் எத்தனையோ ராத்திரி நினைத்திருக்கிறான். அது அவர் சொத்து, நாம் எடுத்துப் பேசக் கூடாது என்று இருந்தான். போலீஸ்காரர் பைக்கைப் பற்றித்தான் கேட்டார். பாதிரியார் அவள் எப்படிப்பட்டவள் என்று கேட்டார். என்ன சொன்னாள் என்று யாருமே கேட்கவில்லை. ராஸுக்குத் தெரியும் என்றே அவன் நம்பியிருந்தான். தெரிந்தும் உழ மனமில்லாமல் வைத்திருக்கிறார் என்று நம்பியிருந்தான்.

அவருக்குத் தெரியவில்லை. அவர் கேட்டது அந்த வாக்கியமே இல்லை.

சும்மா இருந்துவிடலாம். மகள் தன்னிடம் கெஞ்சிக் கேட்டாள் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கிழவர் காலையில் எழுந்து பூட்ஸ் மாட்டுகிறார். அதைப் பிடுங்கிவிட்டு அவர் கையில் எதைக் கொடுப்பது? ஆனால் ஊதிக் கிடந்த மூன்றும் அவன் எதிரே கிடந்தன. ஈ மொய்க்க ஆரம்பித்திருந்தது.

“என்னடா?” என்றார் ராஸ். “பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே.”

லாக்லன் கையில் காய்ந்த நுரையைச் சுரண்டினான்.

“அவனை விடு பெரிசு” என்றாள் வைமாரி. பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்து, குரலைத் தாழ்த்தினாள். “இல்லை. விடாதே. அவன்கிட்ட ஏதோ இருக்கு.”

“நீ எங்கே இருந்தே அப்போ?” ராஸ் மெல்லக் கேட்டார். “அவ பேசினப்போ?”

“கேட்டைப் பிடிச்சிட்டு நின்னேன்.”

“எந்தக் கேட்டு?”

“ஓடைக் கேட்டு. அவ பக்கத்துல.”

அவருடைய பைக் இன்னும் அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. வைமாரி எழுந்து போய் அதை அணைத்தாள். அங்கேயே நின்றுகொண்டாள்.

“அப்போ நீ முழுசாக் கேட்டிருப்பே” என்றார் ராஸ்.

“கேட்டேன்.”

“ஏன் சொல்லலை?”

“உங்களுக்குக் கேட்டிருக்கும்னு நினைச்சேன்.”

“ஒரு வருஷமாவா?”

“நீங்க எதுவும் பேசலை. நானும் பேசலை.”

ராஸ் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். கை பூராவும் பச்சை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று லாக்லனுக்குத் தெரிந்தது.

“உழாதீங்கன்னு சொல்லலையா?”

“இல்லை.”

“வேற என்னமோ சொன்னா.”

“ஆமா.”

ராஸ் தலையைத் தூக்கினார்.

“சொல்லு. அவ சொன்ன மாதிரியே சொல்லு. நீ ஒண்ணும் சேர்க்காதே, குறைக்காதே.”

லாக்லன் சொன்னான். சொல்லச் சொல்ல, இத்தனை மாதமாக நினைவுக்கு வராமல் இருந்த அவள் குரல், அந்தச் சிரிப்போடு, அப்படியே அவன் வாயில் வந்தது.

“அப்பா, நீங்க சொன்னதுதான் சரி. அந்தக் க்ளோவரை உழுதுடுங்க. ஜெயிச்சுட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க.”